விண்வெளி வீரனை வரைந்த குமாஸ்தா

பத்திரிகையில் வரும் படக்கதைக்கு ஆயுள் ஒரே நாள். மறுநாள் அந்தத் தாளில் வடை மடிப்பார்கள். அப்படிப்பட்ட தாளில் உயிரைக் கொடுத்துப் படம் வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். பிளாஷ் கார்டன் என்ற விண்வெளி வீரனைப் படைத்தவர் அவர்தான்.

ரேமண்ட் 1909-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கு அருகே நியூ ரோஷல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஓர் என்ஜினீயர். மகன் படம் வரைவதைக் கண்டு மகிழ்ந்தவர். ரேமண்டுக்கு 12 வயது ஆனபோது தந்தை காலமானார். படம் சோறு போடுமா? ரேமண்ட் பங்கு மார்க்கெட் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா ஆனார்.

வேலை போயிற்று

1929-ம் ஆண்டு பங்கு மார்க்கெட் சரிந்தது. லட்சாதிபதிகள் ஓட்டாண்டி ஆனார்கள். குமாஸ்தாவுக்கும் வேலை போயிற்று. முன்பு பக்கத்து வீட்டில் இருந்த ரஸ் வெஸ்டோவர் என்ற சித்திரக்காரர் கை கொடுத்தார். பிறருடைய படக்கதைகளில் உதவியாள் வேலை. பெயர் வெளியே வராது.

அந்த நாளில் பக் ரோஜர்ஸ் என்ற விண்வெளிப் படக்கதை சக்கைப்போடு போட்டது. அதற்குப் போட்டியாக ஒரு கதை வேண்டும் என்று கிங் பீச்சர்ஸ் நிறுவனம் தேடியது. ரேமண்ட் வரைந்து கொடுத்தார். விறுவிறுப்பு போதாது என்று திருப்பிவிட்டார்கள். மறுபடியும் வரைந்தார்.

1934 ஜனவரி 7. ஞாயிற்றுக்கிழமை. வண்ணப் பக்கத்தில் பிளாஷ் கார்டன் பிறந்தான்! ராக்கெட்டில் ஏறி மாங்கோ கிரகத்துக்குப் போனான். மிங் என்ற கொடுங்கோலனோடு மோதினான். ரேமண்ட் ஆட்களை நிற்க வைத்து, பார்த்துப் பார்த்து வரைந்தார். சட்டை மடிப்பில்கூட உயிர் இருக்கும். 1936-ல் கதை சினிமாவாகவும் வந்தது.

1944-ல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. மனைவி மக்கள் இருந்தும் ரேமண்ட் தானாகவே படையில் சேர்ந்தார். திரும்பி வந்தபோது பிளாஷ் கார்டன் வேறொருவர் கையில் இருந்தான். திரும்பக் கிடைக்கவில்லை. பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் வளர்வதைப் பார்ப்பதுபோல! ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1946-ல் மூக்குக் கண்ணாடி போட்ட துப்பறிவாளர் ரிப் கிர்பியைப் படைத்தார். அதுவும் வெற்றி.

1956 செப்டம்பர் 6-ந் தேதி நண்பருடைய புதுக் காரை ஓட்டிப் போனார். நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் கார் சாலையை விட்டு விலகி மோதியது. நண்பர் பிழைத்தார். ரேமண்ட் மாண்டார். வயது 46. குழந்தைகள் 5 பேர்.

சித்திரங்கள் எப்படிப் பிழைத்தன?

ஆரணி, போளூர்ப் பக்கத்துத் தறிக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். பட்டுச் சேலையில் மயில் விழ வேண்டும் என்றால், முதலில் கட்டத் தாளில் மயிலை எழுத வேண்டும். பிறகு அட்டையில் துளை போட வேண்டும். அட்டைகள் இருந்தால் எத்தனை சேலையிலும் அதே மயிலை நெய்யலாம். அட்டை தொலைந்தால்? விற்றுப்போன சேலையைத் தேடிப் பிடித்து, பார்த்து எழுத வேண்டியதுதான்.

பத்திரிகைப் படக்கதைக்கும் இதே கதி. பழைய தாள் கிடைத்தால்தான் மறுபதிப்பு. அமெரிக்க நூலகங்களோ பத்திரிகைகளைக் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்துவிட்டு, தாள்களைக் கழித்துக் கட்டின. வண்ணம் போயே போய்விடும்! சான் பிரான்சிஸ்கோவில் பில் பிளாக்பியர்ட் என்பவர் அந்தத் தாள்களை வாங்கித் தம் வீட்டில் அடுக்கினார். கடைசியில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போன சேமிப்பின் எடை சுமார் 75 டன். இப்படிச் சேர்த்தவர்களால்தான் பழைய படக்கதைகள் பல மறுபடி அச்சேறின. பிளாஷ் கார்டன் கதை 1967-ல் பெரிய புத்தகமாக வந்தது. ரேமண்ட் இறந்து அப்போது 11 ஆண்டுகள்.

தமிழிலும் ரேமண்ட் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். சிவகாசியில் 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. ரிப் கிர்பி அதில் தமிழ் பேசினார். ரேமண்ட் 1934-ல் வரையத் தொடங்கிய ரகசிய ஏஜெண்டும் காரிகன் என்ற பெயரில் வந்தார். அந்த இதழ்களைத் தேடிப் பழைய புத்தகக் கடைகளில் அலைகிறவர்கள் இன்றும் உண்டு. அட்டை கிழிந்த பிரதி கையில் இருந்தாலும், மறுபதிப்பு வந்தால் அதையும் வாங்கி, பக்கத்திலேயே அடுக்கி வைக்கிறார்கள்.