நோன்பே வழியாக நடந்த அச்சணந்தி அடிகள்

வேலூரை அடுத்த வள்ளிமலைக் குகைக் கல்வெட்டில் காணும் அச்சணந்தியும், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டில் தளர்ந்திருந்த அருகன் நெறிக்குப் புத்துயிர் ஊட்டிய அச்சணந்தி அடிகளும் ஒருவரே என்பர் அறிஞர் சிலர்.

மலைதோறும் தீர்த்தங்கரர் திருமேனிகளைப் பாறையில் அமைப்பித்தலே அடிகள் மேற்கொண்ட பணி. ஊர்தி ஏறாமை, பொருள் வையாமை, நாளும் ஒருவேளை உணவு, மழைக்காலத்தில் ஓரிடத்துத் தங்கல் ஆகியன முனிவர்க்குரிய நோன்புகள். அவற்றுள் நின்றே ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் எனப் பல இடங்களில் அப்பணியை நிறைவேற்றினார். மதுரைச் சமணமலையில் அவர்தம் அன்னையார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உள்ளது.

அடிகளார்க்கு நோன்பு தடையாகவில்லை. நாள்தோறும் வழுவாத அவ்வொழுங்கே பணியை முடித்துத் தந்தது. இத்திருநாளில் நாம் ஏற்கும் சிறு விரதத்தையும் இடையில் விடாது காப்போமாக.