ஏடு இல்லை என்றது யார்?

டெர்மினலில் எல்எஸ் அடிச்சா லிஸ்ட்ல ஒரு லிங்க் பெயர் வரும். அது காட்டுற இடத்துக்கே போய்ப் பாருன்னு அதே எல்எஸ்கிட்ட கேட்டா, அப்படியொரு ஃபைலோ டைரக்டரியோ இல்லைன்னு கைவிரிச்சிடும். பெயர் கண்ணு முன்னால நிக்குது! ஃபைல் இடம் மாறியிருக்கலாம், நிஜமாவே அழிஞ்சும் போயிருக்கலாம். ரெண்டுக்கும் மெசேஜ் ஒண்ணுதான். இந்த ‘இல்லை’யோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய ஒருவர் நம்ம தாமிரபரணிக் கரைக்கும் வந்திருக்கார்.

உ.வே.சாமிநாதையர் 1855இல் தஞ்சைப் பக்கம் உத்தமதானபுரத்தில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். 1880இல் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியர் ஆனார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார், அடுத்து பத்துப்பாட்டு. கையில் இருந்த ஏடுகளில் பிழை ஏராளம். நல்ல பிரதி தேடி நெல்லைச் சீமைக்கு வந்தார்.

ஆழ்வார்திருநகரி கவிராயர் குடும்பங்கள் நிறைந்த ஊர். அங்கே லட்சுமணக் கவிராயர் வீட்டு ஏடுகளுக்குத் தனிப் பேர். கட்டுக் கட்டாப் பிரிச்சுப் பார்த்தும் பத்துப்பாட்டு அகப்படவில்லை. நாமாக இருந்தா அன்னைக்கே ஊருக்கு மூட்டை கட்டியிருப்போம். ஐயர் நகரவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: நல்ல சுவடிகள் கவிராயரின் மாமனார் தேவர்பிரான் கவிராயர் வீட்டில் கிடந்தன. மாமனாருக்கும் மருமகனுக்கும் மனஸ்தாபம். ஐயருக்காக மருமகன் அதை ஓரம் வைத்துவிட்டு மாமனார் வீட்டுப் படியேறினார். ராத்திரியே சுவடி வந்தது. நிலா வெளிச்சத்தில் பிரித்தவர் கண்ணில் பட்டது முல்லைப்பாட்டு.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் வைத்திருந்த ஏடுகள் உண்டென்று கேள்விப்பட்டுப் போனார். பழசாகிப்போன ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகக் கோயிலில் இருந்தவர் சாதாரணமாகச் சொன்னார். அந்த ‘இல்லை’ நிஜம். 

பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. 1942இல் மறையும் வரை தேடலை விடவில்லை. பதிப்புகளின் முகவுரையில் எந்த ஏடு எந்த ஊரில் யாரிடமிருந்து வந்ததுன்னு பேரோடு எழுதி வைத்திருக்கார். லைப்ரரியில் கிடைத்தால் அந்தப் பக்கங்களை மட்டுமாவது புரட்டிப் பாருங்க.