குழந்தைகளின் வீடு கண்ட அம்மையார்

பிள்ளை ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. எதைக் கண்டாலும் தொடுகிறான், கொட்டுகிறான், கலைக்கிறான் என்று குறைப்பட்டுக்கொள்ளாத தாய் நம் பங்கில் அரிது. அந்தக் குறும்பே கல்வியின் வாசல் என்று உலகுக்குக் காட்டியவர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்காய் வாழ்ந்தவர். அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் சொல்லப் புகுகிறோம்.

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் மரியா மாண்டிசோரி பிறந்தார். பெண்களுக்கு மருத்துவப் படிப்பு தகாது என்றிருந்த காலம். தகப்பனாருக்கும் விருப்பமில்லை. ஆயினும் உரோமைச் சர்வகலாசாலையில் பயின்று 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் மனநோய் விடுதிகளில் கைக்கு ஒரு வேலையுமின்றி அடைபட்டுக் கிடக்கக் கண்டு, இவர்களுக்கு மருந்தினும் கல்வியே தேவை என்று துணிந்தார்.

1907 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைப் பகுதியாகிய சான் லொரென்சோவில் குழந்தைகளின் வீடு திறக்கப்பட்டது. தாய் தந்தையர் கூலிக்குப் போய்விட, படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைப் பாழாக்கிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியரே அங்கு வந்தவர்கள். ஆறு வயதை எட்டாதவர்களே மிகுதி. அம்மையார் பிரசங்கம் செய்யவில்லை. கை கழுவவும், பெருக்கவும், பொத்தான் மாட்டவும் மெதுவாகச் செய்து காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

ஒரு நாள் கைக்குட்டையால் ஓசையின்றி மூக்குச் சிந்துவது எப்படி என்று காட்டினார். சிரிப்பார்கள் என்றிருந்தார், பிள்ளைகளோ கைதட்டி ஆரவாரித்தார்கள். மூக்கொழுகுவதற்காக ஓயாமல் ஏச்சு வாங்கிய அவர்களுக்கு, ஏசாமல் கற்பித்தவர் அதுவரை ஒருவருமில்லை. (நம் வீடுகளில் எப்படியோ, நான் கேட்கவில்லை!)

உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் சொல்லி, அதன் ஒலியையும் சொல்லிக்கொடுத்தார். சில காலஞ்சென்று ஒரு சிறுவன், சுண்ணாம்புக் கட்டியால் புகைபோக்கி ஒன்றை வரைந்துகொண்டிருந்தவன், திடீரென அதன் பெயரையும் எழுதிவிட்டான். தன்னால் எழுத முடிகிறதென்று அவன் கூவ, மற்றவர்களும் சுண்ணாம்புக் கட்டி கேட்டு ஓடிவந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் தேய எழுதியதும் ஏறக்குறைய இதே வித்தைதான். ஆனால் அங்கே பிரம்பும் இருந்தது.

இதற்கெல்லாம் காசு தேவையில்லை. ஒரு தட்டில் பச்சைப்பயறும் மொச்சையும் கலந்து வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டே பிரிக்கச் சொல்லுங்கள். சிறு செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும். சிந்தினால் துடைக்கத் துணியையும் அருகில் வையுங்கள். அம்மையாரின் மௌன விளையாட்டோ நம் குடும்ப ஜெபத்துக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. எல்லாரும் அசையாமல் அமர வேண்டும். அடுத்த அறையிலிருந்து ஒருவர் மிக மெல்லிய குரலில் பெயர் சொல்லி அழைக்க, அழைக்கப்பட்ட பிள்ளை காலடி ஓசையின்றி எழுந்து வர வேண்டும். அதட்டி உட்கார வைப்பதைவிட இது மேல்.

மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. 1898-ல் அம்மையாருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணமின்றிப் பிறந்தமையால், பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊரார் பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவையும் கவனித்து எழுதியவர், தன் பிள்ளை நடை பயின்றதை அருகிருந்து காணவில்லை. தம் தாயார் இறந்தபின், 1913-ல், பதினைந்து வயதான மகனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அப்போதும் ஊரறிய மகனென்று சொல்ல இயலவில்லை. அவருடைய பாவத்தை எடைபோடுவது நம் வேலையல்ல. அந்தப் பதினைந்து ஆண்டு அவர் பட்ட வேதனையைத் தாய்மார் அறிவீர்கள்.

1934-ல் முசோலினி ஆட்சியில் இத்தாலியின் மாண்டிசோரிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1936-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரால் பார்சலோனாவையும் விட்டார். 1939-ல் பிரம்மஞான சபையாரின் அழைப்பில் மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அச்சபையாரின் கொள்கை வேறு, நம் விசுவாசம் வேறு என்பது வாஸ்தவமே. ஆனால் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கவே அவர் வந்தார்.

1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கவே, பகை நாட்டாரென்று மரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறலாகாது என்று உத்தரவாயிற்று. ஆகஸ்டு 31-ந் தேதி அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது: பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனையே விடுவித்து அனுப்புவதாக. வளர்ப்புப் பிள்ளை, உறவினர் என்றெல்லாம் உலகம் சொல்லிவந்தவரை, அரசாங்கத் தந்தி மகன் என்றே குறித்திருந்தது.

பின்னர் இருவரும் கொடைக்கானலில் ஏறக்குறைய இரண்டாண்டு தங்கி, செடி கொடிகளையும் பூச்சிகளையும் கொண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கான பாடங்களை வகுத்தார்கள். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியா வந்து போனார். 1952 மே 6-ந் தேதி, ஹாலந்து நாட்டில் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில், எண்பத்தோராம் வயதில் உயிர் நீத்து, அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது மரண சாசனத்தில் மரியோவை மகன் என்றே எழுதியிருந்தார்.