காவிரியைக் காத்த காட்டன்

தண்ணீரின் கணக்கைக் கற்ற ஒரு பொறியாளரின் கதை

காயல்பட்டினத்துக்கு வடக்கே, புன்னைக்காயலில் தாமிரவருணி ஆறு கடலில் கலக்கிறது. அந்த ஆற்றங்கரையில்தான் பழையகாயல் இருக்கிறது.

ஒரு காலத்தில் அது பெரிய துறைமுகம். முத்து வாங்கவும் குதிரை விற்கவும் அரபு நாட்டு வணிகர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, காயலின் செல்வத்தைப் பற்றி எழுதி வைத்தார்.

இன்று பழையகாயல் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. அந்தத் துறைமுகத்தை எந்தப் பகைவனும் அழிக்கவில்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் துறையைத் தூர்த்து விட்டன. கடல் விலகிப் போயிற்று.

ஓடுகிற தண்ணீர் மணலைச் சுமந்து செல்லும். வேகம் குறைந்தால், சுமையை இறக்கி விடும். இதுதான் ஆறுகளின் இயல்பு.

காயல் துறையை மூடிய அதே மணல், காவிரியையும் மூடப் பார்த்தது. தஞ்சை நாட்டின் சோற்றுக்கே ஆபத்து வந்தது. அந்த ஆபத்தைத் தடுத்தவர் ஆர்தர் காட்டன்.

18 வயதில் சென்னைக்கு

ஆர்தர் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். அவர் தந்தைக்கு 11 ஆண் பிள்ளைகள். அவர்களில் இவர் 10ஆவது.

சிறு வயதிலேயே இராணுவப் பொறியியல் பள்ளியில் சேர்ந்தார். 1819இல் சென்னை இராணுவத்தின் பொறியாளர் படையில் வேலை கிடைத்தது. 1821இல், 18 வயதில், சென்னைக்கு வந்தார்.

தொடக்கத்தில் அவருக்குத் தென் மாவட்டங்களின் ஏரி, குளங்களைப் பார்க்கும் வேலை. பிறகு, பாம்பன் கடல் வழியை அளக்க அனுப்பப்பட்டார். காயல்பட்டினத்து மீனவர்கள் முத்துக் குளித்த அதே மன்னார் வளைகுடாவின் வடகோடியில்தான் பாம்பன் இருக்கிறது. எங்கே ஆழம், எங்கே மணல் திட்டு என்று அளந்து பார்ப்பதே அங்கு அவருடைய வேலை.

பர்மாவில் நடந்த போருக்கும் போய்வந்தார். 1828இல் காவிரியைப் பற்றி ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது.

காவிரிக்கு வந்த நோய்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி. மற்றொன்று கொள்ளிடம். காவிரிதான் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் தருவது. கொள்ளிடமோ வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு போவது.

கொள்ளிடம் ஏறக்குறைய நேராகக் கடலுக்குப் போகிறது. அதற்குச் சரிவு அதிகம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே இழுத்துக் கொண்டு ஓடியது. காவிரிக்குள் வந்த தண்ணீர் குறைந்தது. குறைந்த தண்ணீர் மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடியதால் மணலை இறக்கியது. மணல் சேரச் சேர, ஆற்றின் படுகை உயர்ந்தது. படுகை உயர உயர, தண்ணீர் இன்னும் குறைந்தது.

ஆண்டுதோறும் மணலை வாரினார்கள். கரையை உயர்த்தினார்கள். நோய் தீரவில்லை. இப்படியே விட்டால், ஒரு நாள் காவிரி வறண்ட மணல்வெளியாகி, தஞ்சை உழவர்கள் கலப்பையைக் கீழே போட வேண்டியதுதான்.

தண்ணீர்க் கணக்கு

வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது கடினம் அல்ல.

ஒரு வாய்க்கால் 10 அடி அகலம், 3 அடி ஆழம் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கினால் 30 சதுர அடி. அதில் ஒரு தக்கையைப் போட வேண்டும். அது 100 அடி தூரத்தை 50 விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு 2 அடி. 30ஐ 2ஆல் பெருக்கினால் 60. ஆனால் மேலே ஓடும் வேகம் அடியிலும் கரை ஓரத்திலும் இருக்காது. மண்ணும் கல்லும் உராய்ந்து தடுக்கும். அதற்காக நூற்றுக்கு 15 பங்கு கழித்தால், விநாடிக்கு 51 கன அடி.

வேகத்தைத் தீர்மானிப்பது சரிவு, ஆழம், படுகையின் சொரசொரப்பு ஆகியவை. ஆழம் மாறாமல் சரிவு மட்டும் 4 மடங்கானால், வேகம் 2 மடங்கு ஆகும். இந்த விதியை 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பொறியாளர் செசி கண்டுபிடித்தார். 1889இல் அயர்லாந்துப் பொறியாளர் மானிங் அதைச் செம்மைப்படுத்தினார். இன்றும் பொறியியல் மாணவர்கள் படிப்பது இவற்றைத்தான்.

மேலணை எழுந்தது

காவிரியின் நோய்க்குக் காட்டன் கண்ட மருந்து இதுதான்: கொள்ளிடத்தின் தலைப்பில், முக்கொம்பில், குறுக்கே ஓர் அணை கட்ட வேண்டும். அப்போது தண்ணீர் மட்டம் உயரும். காவிரிக்குள் போதிய தண்ணீர் நுழையும். வெள்ளம் வந்தால், அணைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்தில் போய்விடும்.

ஆனால், ஆற்றில் பாறை இல்லை. எங்கு தோண்டினாலும் மணல். மணல்மேல் அணை நிற்குமா?

அதற்கு விடை பக்கத்திலேயே இருந்தது. கரிகாலன் கட்டிய கல்லணை மணல்மேல்தான் நிற்கிறது. தளர்ந்த மணலிலும் அடித்தளம் போடலாம் என்ற பாடத்தைப் பழந்தமிழரிடமே காட்டன் கற்றார். அதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளவும் செய்தார்.

1836இல் மேலணை வேலை தொடங்கியது. அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில், கீழணையும் எழுந்தது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது அந்தக் கீழணையிலிருந்துதான்.

மருந்து மிஞ்சியது

தஞ்சைக்குத் தண்ணீர் வந்தது. ஆனால் புதிய தொல்லையும் வந்தது. இப்போது காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. வேகம் கூடியதால் படுகையை அரித்தது, கரையைத் தின்றது.

பொறியாளர்கள் கணக்கைத் திருத்தினார்கள். 1843இல் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினார்கள். 1845இல் காவிரியின் தலைப்பிலும் படுகைக்குக் குறுக்கே சுவர் கட்டினார்கள். அதன்பின் இரண்டு ஆறுகளும் அடங்கின. தண்ணீரிடம் ஒரு தடவை கணக்குப் போட்டால் போதாது. போட்ட கணக்கைச் சரிபார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

கோதாவரியில்

இதற்கிடையே காட்டன் உடல்நலம் குன்றி, விடுப்பில் ஆஸ்திரேலியப் பக்கம் சென்றார். 1841இல் எலிசபெத் லியர்மாந்த் என்ற பெண்ணை மணந்தார்.

திரும்பி வந்தவர் கண்டது பஞ்சத்தால் நொந்த கோதாவரிச் சீமையை. ஆறு நிறையத் தண்ணீர், வயலோ வறட்சி. காவிரியில் கற்றதை அங்கே செய்தார். 1847இல் தவளேசுவரத்தில் தொடங்கிய அணை 1852இல் முடிந்தது. பஞ்சம் பாதித்த நாடு நெற்களஞ்சியம் ஆயிற்று. பின்னர் அந்தப் பழைய அணைக்குப் பதிலாகப் புதியது கட்டப்பட்டது. அதற்கும் காட்டன் பெயரையே வைத்தார்கள்.

காட்டன் எடுத்த எல்லாம் வெற்றி பெறவில்லை. அவர் ஊக்கத்தில் ஒரு கம்பெனி வெட்டிய கர்நூல்-கடப்பைக் கால்வாய் பெரும் நட்டத்தில் முடிந்தது. ரயில் பாதையை விடக் கால்வாயே நாட்டுக்கு நல்லது என்று அவர் வாதாடினார். அதனால் எதிரிகளும் பெருகினார்கள். 1878இல் இங்கிலாந்துப் பாராளுமன்றக் குழு அவரைக் குறுக்கு விசாரணை செய்தது. அவர் தம் கொள்கையை விடவில்லை.

முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. வீட்டுத் தோட்டத்தில் கோதுமை பயிரிட்டு, ஆழ உழுதால் விளைச்சல் கூடுமா என்று சோதித்துப் பார்த்தார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி, 96ஆவது வயதில் காலமானார்.

மேலணை சுமார் 180 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் 9 மதகுகள் இடிந்தன. பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

தாமிரவருணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் தென்கால், கடம்பாக்குளத்தை நிரப்பித் திருச்செந்தூர் வட்டாரத்து வயல்களை நனைக்கிறது. எஞ்சிய தண்ணீர் பழையகாயலைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. அங்கே மணலை வென்றவர் யாரும் இல்லை, துறைமுகம் போயிற்று. காவிரியில் மணலின் கணக்கு அறிந்த ஒருவர் இருந்தார், தஞ்சை பிழைத்தது.