ஹனாவிலிருந்து மஹய்யாவ வரை: ஞானபோனிக தேரர் என்ற யூத அகதி

மஹய்யாவ என்றதும் கண்டிக்காரருக்கு நினைவுக்கு வருவது மாநகரசபைத் துப்புரவுத் தொழிலாளர்களின் நெருக்கமான குடியிருப்பு, மாத்தளை ரயில் நுழைந்து போகும் சுரங்கம், நகரத்தின் பொது மயானம். 1994 ஒக்டோபர் 23 அன்று அந்த மயானத்தில் 93 வயதுப் பிக்கு ஒருவரின் உடல் தகனம் செய்யப்பட்டது. பிக்குகளும் அரச பிரமுகர்களும் வெளிநாட்டவரும் திரண்டிருந்தார்கள். பௌத்த உலகம் அவரை ஞானபோனிக மகாதேரர் என்று அறியும். பெற்றோர் வைத்த பெயர் சீக்மண்ட் ஃபெனிகர். ஹிட்லரின் ஜேர்மனியிலிருந்து உயிர் தப்பி வந்த யூதர் அவர்.

ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகிலுள்ள ஹனாவில் 1901 ஜூலை 21 இல் பிறந்தார். வீட்டில் ஒரே பிள்ளை. ஆறு வயதில் குடும்பம் மேல் சிலேசியாவிலுள்ள கோனிக்ஸ்ஹூட்டே என்ற தொழில் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. தந்தை அங்கே சப்பாத்துக் கடை நடத்தினார். மகன் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு புத்தகக் கடையில் தொழில் பழகப் போனான். யூத சமயக் கல்வி பெற்ற பிள்ளைதான். ஆனால் கடையில் கைக்குக் கிடைத்த நூல்களில் பௌத்த நூல்களும் இருந்தன. அவனை இழுத்தவை அவை. பிற்காலத்தில் கண்டியில் ஒரு பதிப்பகத்தையே நடத்துவதற்கான தொழில்ஞானமும் அந்தக் கடையில் கிடைத்ததுதான்.

1922 இல் குடும்பம் பேர்லினுக்குப் போனது, பிறகு கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க்குக்கு. பேர்லினில் ஜேர்மன் பௌத்தர்களின் பழக்கம் ஏற்பட்டது. ஞானதிலோக என்ற ஜேர்மன் பிக்கு 1911 இல் இலங்கையின் தொடந்துவயில், களப்புத் தீவொன்றில் ஆச்சிரமம் அமைத்திருப்பதையும் அங்கேதான் அறிந்தார். போக வேண்டும் என்ற ஆசை அப்போதே பிடித்துக்கொண்டது. ஆனால் தந்தை நோயாளி. 1932 இல் தந்தை இறந்ததும் தாய் தனித்துப்போனார். தாயை விட்டுவிட்டுத் துறவுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் அரச வேலைகளிலிருந்து விலக்கப்பட்டார்கள், யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசல்களில் ஆட்கள் நிறுத்தப்பட்டார்கள். பேர்லினில் யூதர்கள் தங்களுக்குள் உதவிக்கென ஒரு மத்திய குழுவை அமைத்தார்கள். நிவாரணம், தொழிற்பயிற்சி, நாட்டை விட்டு வெளியேற வழி தேடுதல் ஆகியவை அதன் வேலைகள். ஃபெனிகர் அதில் பணியாற்றினார். முகாமிலும் வரிசையிலும் நின்ற நம்மவர்களுக்கு அந்தக் குழுவின் அலுவலகம் எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

1935 செப்டெம்பரில் நியூரம்பேர்க் சட்டங்கள் யூதர்களை முழுப் பிரஜை என்ற நிலையிலிருந்து இறக்கின. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் தாயை வியன்னாவிலிருந்த உறவினரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிறகு தனியாகக் கப்பலேறி 1936 பெப்ரவரியில் இலங்கை வந்து இறங்கினார். ஜூனில் சாமணேரர், அடுத்த ஆண்டு முழுப் பிக்கு. ஞானபோனிக என்ற பெயருக்கு ஞானத்தின் பக்கம் சாய்ந்தவர் என்று பொருள்.

தாய்க்கு வியன்னா பாதுகாப்பு என்று நம்பியது இரண்டு ஆண்டுதான் நிலைத்தது. 1938 மார்ச்சில் ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியது. தீவுக்குள் தியானத்தில் இருந்த மகன் தாய்க்காகவும் உறவினருக்காகவும் கதவு தட்டத் தொடங்கினார். சேர் ஏர்னஸ்ட் டி சில்வாவும் வேறு சில சிங்கள பௌத்த நண்பர்களும் பொறுப்பேற்க, அவர்கள் 1939 இல் இலங்கை வந்து சேர்ந்தார்கள். தாய் கொழும்பில் டி சில்வா தம்பதியரின் ஆதரவில் வாழ்ந்தார். காலப்போக்கில் அவரும் பௌத்தத்தைத் தழுவி, 1956 இல் இந்த மண்ணிலேயே இறந்தார். அந்தப் பயணம் நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒஸ்திரியாவின் கணக்கே போதும்: கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 65,000 பேர்.

அவர் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாலும் இதே கதைதான். பிறந்த ஹனாவின் யூதர்கள் 1942 இல் நாடுகடத்தப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் கோனிக்ஸ்பேர்க்கிலிருந்து புறப்பட்ட ரயில் மின்ஸ்க் அருகேயுள்ள மாலி ட்ரொஸ்தினெட்ஸ் கொலைக்களத்துக்குப் போனது. பேர்லின் யூதர்களில் 50,000 க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். சிறுவயதில் ஓடித்திரிந்த கோனிக்ஸ்ஹூட்டேயிலிருந்து அவுஷ்விட்ஸ் 40 கிலோமீற்றருக்குள்தான். அந்த நகரத்தின் பெயர் இன்று ஹோஷூவ், நாடு போலந்து. கோனிக்ஸ்பேர்க் ரஷ்யாவின் கலினின்கிராட் ஆகிவிட்டது. திரும்பிப்போக அவருக்கு ஊர் மிஞ்சவில்லை.

இதற்கிடையில் அவர் கைதியாகவும் இருந்தார். உலகப் போர் மூண்டதும் பிரித்தானிய ஆட்சி தன் காலனிகளிலிருந்த ஜேர்மனியர்களை எதிரி நாட்டவர் என்று அடைத்தது. நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூதர் என்பதையோ காவியுடுத்த பிக்கு என்பதையோ அது கணக்கில் எடுக்கவில்லை. முதலில் தியத்தலாவை. 1941 இல் வட இந்தியாவின் டெஹ்ராடூன் முகாம். முள்வேலிக்குள்ளேயே நாசி ஆதரவாளர்கள் ஒரு பக்கம், எதிர்ப்பாளர்கள் மறுபக்கம் எனப் பிரிந்திருந்தார்கள். இன்னொரு விசித்திரமும் உண்டு. 1941 நவம்பரில் ஜேர்மனி வெளிநாட்டில் வாழும் யூதர்களின் குடியுரிமையை ஒரே ஆணையில் பறித்தது. ஜேர்மனியின் பார்வையில் அவர் ஜேர்மனியர் இல்லை. ஜேர்மனியர் என்பதாலேயே பிரித்தானியர் அவரை விடவும் இல்லை. 1946 வரை உள்ளே இருந்தார். அந்த ஆண்டுகளில் பாளி நூல்களை ஜேர்மன் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். சுத்தநிபாதமும் தம்மசங்கணியும் அப்படி முகாமில் முடிந்த மொழிபெயர்ப்புகள்.

1951 இல் அவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. தமிழில் அவர் கதையை எழுதுகிறவர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. இங்கேயே பிறந்தவர்களும் அதில் அடக்கம். மஹய்யாவ குடியிருப்பின் இந்திய வம்சாவளித் தமிழரும் அந்தச் சட்டத்துக்குத் தப்பியவர்கள் அல்லர். நாடு பறிக்கப்பட்ட ஒரு யூதருக்கு நாடு தந்த அதே அரசுதான், தன் தேயிலையைப் பறித்தவர்களுக்கும் தெருக்களைக் கூட்டியவர்களுக்கும் நாடில்லை என்றது. இது அவர் செய்த குற்றமல்ல. ஆனால் அகதிக்குத் திறந்த கதவு எந்த அடையாளத்துக்காகத் திறந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

1952 இல் கண்டி உடவத்தகெலே காட்டுக்குள்ளிருந்த வன ஆச்சிரமத்துக்கு, குரு ஞானதிலோகரிடம் வந்து சேர்ந்தார். பர்மாவில் மஹாசி சயாடோவிடம் விபஸ்ஸனா பயின்றார். அதன் விளைவாக வந்த பௌத்த தியானத்தின் சாரம் பற்றிய அவரது நூல், மேற்கில் விழிப்புணர்வுத் தியானம் என்று இன்று பேசப்படுவதன் வேர்களில் ஒன்று. 1957 இல் குரு இறந்தார். 1958 ஜனவரி முதலாம் திகதி கண்டி நண்பர்கள் இருவருடன் சேர்ந்து பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். சில சிறு பிரசுரங்கள் போட்டுவிட்டு நிறுத்துவதாகத்தான் முதலில் எண்ணம். நின்றுவிடவில்லை. 1984 வரை ஆசிரியராகவும் 1988 வரை தலைவராகவும் அவரே இருந்தார். பழைய புத்தகக் கடைப் பையனின் கை அங்கே தெரிந்தது.

சங்கம் தொடங்கிய ஐந்தாம் மாதம் தமிழருக்கு எதிரான 1958 கலவரம் வெடித்தது. 1983 ஜூலையில் அந்த ஆச்சிரமத்துக்குக் கீழே, கண்டி நகரத்திலும் தமிழர் கடைகள் எரிந்தன. அவர் எழுதிக்கொண்டிருந்தது வெறுப்பு மனதில் எப்படி முளைத்து வளர்கிறது என்பதைப் பற்றி. பேராசை, வெறுப்பு, அறியாமை என்ற மூன்று வேர்களையும் எடுத்து ஒரு தனி நூலே தொகுத்தார். மைத்திரி, கருணை பற்றிய அவரது சிறு பிரசுரம் பல மொழிகளுக்குப் போனது. தன் இனத்துக்கு நேர்ந்ததை முன்வைத்து அனுதாபம் தேடும் எழுத்து அல்ல அது. காயத்தின் கதையைச் சொல்லாமல் காயத்தின் காரணத்தை மட்டும் ஆராய்கிறார். இது துறவியின் அடக்கமா, தப்பிப் பிழைத்தவரின் மௌனமா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒருவருக்குள் இருந்திருக்கலாம்.

பழையதை அவர் அறுத்தெறிந்துவிடவும் இல்லை. பேர்லின் உதவிக் குழுக் காலத்து நண்பர் மாக்ஸ் க்ரொய்ட்ஸ்பேர்கர், ஜேர்மன் யூதர்களின் ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் நியூயோர்க் லியோ பேக் நிறுவனத்தை வழிநடத்தியவர். முதுமையில் அவர் சுவிற்சர்லாந்தில் இருந்தபோது, 1960 களின் இறுதியிலிருந்து தேரர் பல முறை அங்கே போய் அவருக்குத் துணையாக இருந்தார். அந்தப் பயணங்களின்போதுதான் இன்னொரு யூத அகதியான உளவியலாளர் எரிக் ஃப்ரொம்மின் நட்பும் கிடைத்தது.

முதுமையில் அவரைக் கவனித்துக்கொண்டவர், புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கப் பிக்கு போதி. பதிப்பகப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தார். 1994 ஒக்டோபர் 19 அதிகாலையில், 58 ஆவது மழைக்கால வாசத்தின் இறுதி நாளில், உடவத்தகெலே ஆச்சிரமத்தில் தேரர் காலமானார்.

யாழ்ப்பாணத்தில் சந்திரிகா அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே முதல் சுற்றுப் பேச்சு நடந்து முடிந்திருந்த வாரம் அது. மஹய்யாவயில் சிதை எரிந்த அன்றிரவு, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில், கொழும்பு தொட்டலங்கவில் குண்டு வெடித்து காமினி திசாநாயக்க கொல்லப்பட்டார். இரண்டாம் சுற்றுப் பேச்சு தள்ளிப்போனது. பத்திரிகைகளில் தேரரின் இறுதிக்கிரியைச் செய்திக்கு அதற்குப் பிறகு இடம் இருந்திருக்காது. சாம்பல் தொடந்துவத் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஞானதிலோகரின் பக்கத்தில் வைக்கப்பட்டது.