மசோக் போட்ட இரண்டு ஒப்பந்தங்கள்: ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை

சம்பள உயர்வே தராத கம்பெனியில் ஆறாவது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கும் நண்பரை 'மசோக்கிஸ்ட்' என்று நீங்கள் கிண்டல் அடித்திருக்கலாம். வலியில் சுகம் காண்பவர் என்ற அர்த்தத்தில் நாம் சர்வசாதாரணமாகப் புழங்கும் சொல் அது. உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், ஒரு மருத்துவர் அதை எடுத்து மனக்கோளாறு ஒன்றுக்குச் சூட்டிவிட்டார்.

அந்த மனிதர் லியோபோல்ட் ஃபொன் சாக்கர்-மசோக். 1836 ஜனவரி 27 அன்று லெம்பெர்க் நகரில் பிறந்தார். அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த அந்த ஊர்தான் இன்றைய உக்ரைனின் லிவிவ். அப்பா போலீஸ் உயரதிகாரி. அம்மா வழி மசோக் குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாததால், அந்தப் பெயரும் அப்பாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெயர் அழிந்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு. எப்படிப் பலித்தது பாருங்கள்!

பையன் படிப்பில் கெட்டி. இளவயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கி, கிராஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தார். பிறகு அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். கலீசியாவின் விவசாயிகளையும் யூதர்களையும் பற்றிய அவரது கதைகள் ஜெர்மனியில் மட்டுமில்லை, பிரான்ஸிலும் நல்ல பெயர் வாங்கின.

இனி அந்த ஒப்பந்தங்களுக்கு வருவோம்.

1869 டிசம்பரில், 33 வயதில், ஃபேனி பிஸ்டோர் என்ற பெண்ணுடன் அவர் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு அவர் அந்தப் பெண்ணின் அடிமை, சொன்னதைச் செய்ய வேண்டும், தவறினால் தண்டனை. பதிலுக்கு ஃபேனி முடிந்தவரை ஃபர் கோட் அணிய வேண்டும், கொடூர மனநிலையில் இருக்கும்போது கட்டாயம் அணிய வேண்டும். சிரிப்பு வருகிறதா? மீதி ஷரத்துகளையும் பார்த்துவிடுங்கள். அவருடைய மானத்துக்குக் கேடான எதையும் ஃபேனி செய்யச் சொல்லக் கூடாது. எழுத்து வேலைக்குத் தினமும் ஆறு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அவருடைய கடிதங்களையும் எழுத்துகளையும் படிக்கவே கூடாது. அடிமை சாசனத்துக்குள் ஒரு ஒர்க்-லைஃப் பேலன்ஸ், ஒரு பிரைவசி பாலிசி, ஒரு முடிவுத் தேதி. நம்மில் பலருடைய ஆஃபர் லெட்டரில் இவ்வளவு தெளிவு இருக்காது.

இருவரும் இத்தாலிக்குப் போனார்கள். அவர் கிரெகோர் என்ற வேலைக்காரனாக வேஷம் போட்டுக்கொண்டு கூடப் போனார். அந்த அனுபவத்திலிருந்து 1870-இல் வெளிவந்ததுதான் 'வீனஸ் இம் பெல்ஸ்' குறுநாவல். அதன் நாயகி வாண்டா ஃபொன் துனாயெவ்.

இன்று 'பவர் எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லப்படுவதன் ஆரம்பகால எழுத்து ஆவணங்களில் ஒன்று இது. வயது வந்த இரண்டு பேர் தெரிந்தே, விரும்பியே, ஒருவர் ஆணையிடுபவர், மற்றவர் கீழ்ப்படிபவர் என்று வைத்துக்கொள்வது. அது ஒரு மாலைப்பொழுதுக்கும் இருக்கலாம், வருஷக்கணக்கிலும் நீளலாம். இப்போதும் இப்படி எழுதிக்கொள்கிற ஜோடிகள் உண்டு. கோர்ட்டுக்குப் போய் அமல்படுத்துகிற பத்திரம் இல்லை அது. எது வேண்டும், எது கூடவே கூடாது என்று உட்கார்ந்து பேச ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒப்பந்தத்தில்தான் கதை கசக்கிறது.

கிராஸில் கையுறை தைத்துப் பிழைத்த ஏழைப் பெண் அவ்ரோரா ரூமெலின். அந்த நாவலின் நாயகி பெயரைப் போட்டு அவள் மசோக்குடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டாள். எழுத்தாளர் தன் கற்பனையே உயிரோடு வந்துவிட்டதாக நினைத்தார். 1873-இல் கல்யாணம், அடுத்து குழந்தைகள், கடன், வீடு மாறிக்கொண்டே ஒரு வாழ்க்கை. இந்த முறை எழுதிய ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி கிடையாது. ஆறு மணி நேரச் சலுகை, மானம் பற்றிய ஷரத்து எதுவும் கிடையாது. உயிரை எடுக்கும் உரிமை வரை அவளுக்கு. தாங்க முடியாவிட்டால் அவருக்குச் சாவுதான் வழி, விடுதலை இல்லை.

காகிதத்தில் பார்த்தால் எல்லா அதிகாரமும் அவளிடம். ஆனால் வீட்டுக்கு வருமானம் அவருடைய பேனாவிலிருந்து. அவள் பின்னாளில் எழுதியபடி, சாட்டையும் ஃபர் கோட்டும் அவளுடைய ஆசை இல்லை, அவர் விடாமல் கேட்டது. வேறு ஆண்களைத் தேடிக்கொள்ளச் சொல்லி வருஷக்கணக்கில் வற்புறுத்தினார், மறுத்தால் எழுத முடியவில்லை என்று சோர்ந்து போவார், எழுதாவிட்டால் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை என்கிறாள். மசோக்கின் செயலாளராக இருந்தவர் இதையெல்லாம் மறுத்து ஒரு புத்தகமே போட்டார். அவள் சொன்னதில் பாதி உண்மையாக இருந்தாலும், அந்த வீட்டில் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் இருந்தது எஜமானிதான். என்னைக் கேட்டால், மசோக்கின் வாழ்க்கையில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் இது. முதல் ஒப்பந்தம் இல்லை.

1880களில் அந்தக் கல்யாணம் உடைந்தது. அதே காலத்தில் லைப்சிக்கிலிருந்து அவர் நடத்திய பத்திரிகை பெண் விடுதலைக்கும் யூதர்களின் உரிமைக்கும் குரல் கொடுத்தது. வெளியே அப்படி, வீட்டுக்குள் இப்படி. இரண்டும் ஒரே ஆள்தான்.

1890-இல் மனநல மருத்துவர் கிராஃப்ட்-எபிங் 'மசோக்கிசம்' என்ற சொல்லை அச்சேற்றினார். அவரும் கிராஸில் பேராசிரியராக இருந்தவர்தான். நாவல்களில் இந்த ஆசை திரும்பத் திரும்ப வருவதால் அந்தப் பெயர் பொருத்தம் என்று நியாயம் சொன்னார். கடைசிக் காலத்தில் ஜெர்மனியின் லிண்ட்ஹைம் கிராமத்தில் ஊர் மக்களுக்கான கல்விச் சங்கம் அமைத்து, யூத வெறுப்புக்கு எதிராக வேலை செய்தார் மசோக். 1895 மார்ச் 9 அன்று இறந்தார். நோயின் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அது நகர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல், ஆசை வேறு, கோளாறு வேறு என்று பிரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022-இல் அமலுக்கு வந்தபோது, இருவர் சம்மதத்தோடு செய்வது அதிலிருந்து வெளியே போயிருந்தது. இதற்கெல்லாம் முன்னாடியே, 1971-இல் நியூயார்க்கில் இந்த ஆசை உள்ளவர்கள் 'ஆய்லன்ஷ்பீகல் சொசைட்டி' என்று சங்கம் வைத்துக் கூட ஆரம்பித்துவிட்டார்கள். இந்தியாவில் 'கிங்கி கலெக்டிவ்' என்ற குழு சம்மதம் பற்றிப் பேசிவருகிறது. சட்டம்? பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆம் பிரிவு, 18 வயது தாண்டியவர் சம்மதித்து ஏற்கும் சிறு காயத்தைக் குற்றமாக்குவதில்லை. கொடுங்காயம் ஏற்படும் என்று தெரிந்தே செய்தால் அந்தப் பிரிவு காப்பாற்றாது.

இந்தக் குழுக்களில் புதிதாக வருபவரிடம் முதலில் பேசுவது சாட்டையைப் பற்றி இல்லை, நிறுத்தச் சொல்லும் வழியைப் பற்றி. கீழ்ப்படிபவருக்கு மட்டுமில்லை, ஆணையிடுபவருக்கும் அந்த வழி வேண்டும். பணம், வீடு, குழந்தை எதுவும் அதை அடைக்கக் கூடாது.

மசோக் இறந்து 11 வருஷம் கழித்து, 1906-இல், அவ்ரோரா தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டாள். அட்டையில் இருந்த பெயர் வாண்டா ஃபொன் சாக்கர்-மசோக்.