கடன் சுமந்த இளைஞர்: ஹளரத் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி)

கடனில்லாத வீடு பெரும் பாக்கியம் பெற்ற வீடு. ஆனால் நம் மஹல்லாக்களில் அத்தகைய வீடுகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், ஒரு கை விரல்களே போதுமானதாகிவிடும். பெண்ணின் நிக்காஹ், மகனின் வெளிநாட்டுப் பயணம், பிரசவம், வைத்தியம், பாதியில் நின்றுபோன வீட்டு வேலை என ஏதாவதொரு காரணத்தால் கடன் வந்து திண்ணையில் உட்கார்ந்து கொள்கிறது. வந்த பிறகு அதைத் தீர்ப்பதா, அன்றாடம் அடுப்பெரிய வழி பார்ப்பதா என்று தெரியாமல் குடும்பத் தலைவர் தடுமாறுகிறார்.

இதற்கு நாமும் விலக்கல்ல. மத்ரஸாவில் ஓதி முடித்து வெளியே வந்த புதிதில், மளிகைக் கடைப் பாக்கி ஏறிப்போய், கடைக்காரரின் முகத்தைப் பார்க்க வெட்கி, பள்ளிவாசலுக்கே வேறு தெரு வழியாகச் சுற்றிப் போன நாட்கள் உண்டு. தொழுகைக்குப் போகும் வழியைக்கூடக் கடன் மாற்றிவிட்டதே என்று ஒருநாள் மனதில் சுருக்கென்று தைத்தது. அப்போதுதான், முன்பு ஓதியிருந்த ஒரு ஸஹாபியின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். மாணவராக ஓதியபோது அதில் சட்டம் தெரிந்தது. கடனாளியாக ஓதியபோது அந்த மனிதரே தெரிந்தார். அவர்தாம் ஹளரத் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள்.

தந்தையின் வஸிய்யத்

மதீனாவின் கஸ்ரஜ் கூட்டத்தில், பனூ ஸலிமா கிளையில் பிறந்தவர்கள் ஜாபிர் (ரலி). ஹிஜ்ரத்துக்குச் சற்று முன்னர், கி.பி. 622இல், அகபா கணவாயில் மதீனத்து முஸ்லிம்கள் நபி பெருமானார் (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்தபோது, தம் தந்தை அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுடன் சிறு வயதினராக அங்கே இருந்தார்கள். அந்த இரவில் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு தலைவர்களில் அவர்களுடைய தந்தையும் ஒருவர்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு (கி.பி. 625) உஹதுப் போர் வந்தது. போருக்கு முந்திய இரவு, தந்தை மகனை அழைத்து, நாளைய போரில் முதலில் ஷஹீதாகிறவர்களில் தாமும் ஒருவராக இருக்கக்கூடும் என்று தம் உள்ளத்தில் படுவதைச் சொன்னார்கள். தமக்குக் கடன் இருக்கிறது, அதை அடைத்துவிட வேண்டும் என்றும், சகோதரிகளை நல்லபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் வஸிய்யத் செய்தார்கள். மறுநாள் அவ்வாறே ஷஹீதானார்கள்.

அன்பர்களே, அந்த வஸிய்யத்தைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அதில் இருந்தவை இரண்டே செய்திகள்: ஒன்று கடன், மற்றொன்று வீடு. நம்மில் எத்தனையோ பேர் தம் கடனை மனைவி மக்களுக்குத் தெரியாமல் மறைத்து வைத்துக்கொண்டே மௌத்தாகி விடுகிறோம். கபுரில் மண் காயும் முன்னர் கடன்காரர் வந்து வாசலில் நிற்கும்போதுதான் பிள்ளைகளுக்கு விஷயம் தெரிகிறது. அவர்களோ தம் கடனை மகன் அறியச் செய்துவிட்டே போர்க்களம் சென்றார்கள்.

ஜாபிர் (ரலி) அவர்களின் தலையில் இப்போது இரண்டு சுமைகள். சகோதரிகள் ஆறு பேர் என்று ஒரு ரிவாயத்தும், ஒன்பது பேர் என்று மற்றொரு ரிவாயத்தும் கூறுகின்றன. கடனோ பலருக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களில் ஒரு யூதருக்கு மட்டும் 30 வஸக் பேரீத்தம் பழம் பாக்கி. ஒரு வஸக் என்பது 60 ஸாஉ. ஒரு ஸாஉ என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் நான்கு அள்ளு. கணக்கிட்டால் 7,200 அள்ளு வருகிறது. இத்தனைக்கும் கையிலிருந்த வருமானம் தந்தை விட்டுச் சென்ற பேரீத்த மரங்களின் விளைச்சல்தான். அந்த ஒரே மகசூலிலிருந்துதான் கடனும் தீர வேண்டும், வீடும் சாப்பிட வேண்டும்.

குவியல் குவியலாக

ஜாபிர் (ரலி) முதலில் கடன்காரர்களிடமே சென்றார்கள். தோட்டத்து விளைச்சல் முழுவதையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டார்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை. அவகாசம் கேட்டும் பயனில்லை. பின்னர் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட, அவர்களே நேரில் பரிந்து பேசினார்கள். அப்போதும் கடன் கொடுத்தவர் இணங்கவில்லை.

இங்கே ஒரு பெரும் பாடம் இருக்கிறது. அந்த நேரத்தில் மதீனாவின் தலைமை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் கையில் இருந்தது. கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். மறுத்தவர் அவர்களை நபியென்று ஏற்காத ஒரு யூதர். கடன்பட்டவரோ ஷஹீதின் பிள்ளை. இருந்தும் ஒரு கட்டளையால் அந்தக் கடனை ரத்துச் செய்துவிடவில்லை. தள்ளுபடி செய்வது கடன் கொடுத்தவரின் உரிமை. அதைக் கேட்கலாம், வற்புறுத்திப் பறிக்கலாகாது. ஷஹீதின் வீடு என்பதாலும் கடன் கடனல்லாமல் ஆகிவிடாது.

ஆகவே அண்ணலார் (ஸல்) வேறு வழி காட்டினார்கள். பழங்களை அறுத்து, வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் குவியலாக வைத்துவிட்டுத் தம்மை அழைக்கும்படிச் சொன்னார்கள். ஜாபிர் (ரலி) அப்படியே செய்தார்கள். நாயகம் (ஸல்) தோட்டத்துக்கு வந்து, பெரிய குவியலை மூன்று முறை சுற்றி, அதன்மேல் அமர்ந்து, கடன்காரர்களை அழைக்கச் சொன்னார்கள். அளவை தொடங்கிற்று. ஒருவர்பின் ஒருவராக எல்லோருக்கும் அளந்து கொடுக்கப்பட்டது. ஒரு பழம்கூட மிஞ்சாமல் வெறுங்கையுடன் சகோதரிகளிடம் திரும்ப நேர்ந்தாலும், தந்தையின் கடன் தீர்ந்தால் போதும் என்ற மனநிலையில் அப்போது ஜாபிர் (ரலி) இருந்தார்களாம். ஆனால் வல்ல நாயனின் அருளால் கடன் முழுவதும் அடைந்தது. குவியல்களோ குறைந்ததாகவே தெரியவில்லை. 30 வஸக் கொடுத்த பின்னரும் 17 வஸக் மிஞ்சியதாக ஒரு ரிவாயத்து கூறுகிறது. கடன்காரர்களும் திருப்தியாகச் சென்றார்கள். சகோதரிகளுக்கும் உணவு இருந்தது.

அது நபியின் முஃஜிஸா, நமக்கு எங்கே நடக்கப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். முஃஜிஸா நபிமார்களுக்கே உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த பரக்கத் எந்த இடத்தில் இறங்கியது என்று பாருங்கள். கடனை மறைத்து ஒளிந்திருந்த இடத்தில் அல்ல. கடன்காரர்களை அழைத்து உட்கார வைத்து, உள்ளதையெல்லாம் வெளியே கொட்டி, படியை எடுத்து அளந்த இடத்தில் இறங்கியது. முஃஜிஸாவுக்கு முன்னால் ஜாபிர் (ரலி) செய்த காரியங்கள் அத்தனையும் நம்மால் செய்யக்கூடியவை.

வீட்டுக்குள் எடுத்த முடிவு

ஒரு போர்ப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகம் களைத்துப் பின்தங்கியது. நாயகம் (ஸல்) அருகே வந்து அதைத் தட்டிவிட, அது விரைந்து நடந்தது. பேச்சினூடே திருமண விஷயம் வந்தது. மணமாகிவிட்டது என்றும், மணந்தது முன்பே மணமாகியிருந்த பெண்மணியை என்றும் ஜாபிர் (ரலி) சொன்னார்கள். ஒரு கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாமே என்று நாயகம் (ஸல்) கேட்க, வீட்டில் இளம் சகோதரிகள் இருப்பதையும், அவர்கள் வயதையொத்த ஒருத்தியைக் கொண்டு வருவதைவிட, அவர்களுக்குத் தலைவாரி விட்டு, வீட்டை நிர்வகிக்கத் தெரிந்தவரைத் தேடியதையும் விளக்கினார்கள். அம்முடிவைப் பெருமானார் (ஸல்) மெச்சினார்கள். தம் விருப்பத்தைப் பின்னால் வைத்து, வீட்டின் தேவையை முன்னால் வைத்த இளைஞர் அவர்.

அதே பயணத்தில் அந்த ஒட்டகத்தை நாயகம் (ஸல்) ஓர் ஊகிய்யா வெள்ளிக்கு விலை பேசினார்கள். மதீனா வந்து சேர்ந்ததும் பிலால் (ரலி) அவர்களைக் கொண்டு விலையை நிறுத்துக் கொடுக்கச் செய்து, சற்றுக் கூடுதலாகவும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிவிட்டார்கள். கொடுக்க வேண்டியதைக் குறையாமல், முகம் சுளிக்காமல், விரும்பினால் தாமாகவே சற்று அதிகமாகவும் கொடுப்பது நபிவழி. முன்கூட்டியே பேசி வாங்கும் அதிகம்தான் வட்டி, அது ஹராம். அந்தச் சிறு அதிகத்தை ஜாபிர் (ரலி) ஒரு பையில் போட்டுப் பல்லாண்டுகள் பாதுகாத்தார்கள். ஹிஜ்ரி 63இல் (கி.பி. 683) ஹர்ரா நாளில் மதீனாவைத் தாக்கிய ஷாம் படையினர் பறித்துச் செல்லும்வரை அது அவர்களிடமே இருந்தது.

செலவு விஷயத்தில் ஜாபிர் (ரலி) வழியாக நமக்குக் கிடைத்துள்ள ஹதீஸ்களைப் பாருங்கள். கணவனுக்கொரு விரிப்பு, மனைவிக்கொன்று, விருந்தாளிக்கொன்று போதும், நான்காவது ஷைத்தானுக்குரியது என்ற கருத்துள்ள ஹதீஸை அறிவித்தவர்கள் இவர்களே. காடியைத் தொட்டு ரொட்டி உண்பதும் நல்ல உணவே என்று நாயகம் (ஸல்) புகழ்ந்ததை அறிவித்தவர்களும் இவர்களே.

உமர் (ரலி) அவர்கள் ஒருநாள் ஜாபிர் (ரலி) இறைச்சி சுமந்து வருவதைக் கண்டு விசாரித்தார்கள். வீட்டாருக்கு ஆசையாக இருந்தது, ஒரு திர்ஹமுக்கு வாங்கினேன் என்ற கருத்தில் பதில் வந்தது. அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் தம் வயிற்றைச் சற்று அடக்கிக்கொள்ளக் கூடாதா என்று உமர் (ரலி) கண்டித்தார்கள். இறைச்சி ஹலால்; வாங்கிய காசும் ஹலால். எனினும் ஆசைப்பட்டதையெல்லாம் உடனே வாங்கும் பழக்கத்தைத்தான் உமர் (ரலி) அஞ்சினார்கள். தவணைக்குப் பொருள் வாங்கி வீட்டை நிரப்பும் நாம் இதைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டு தீனார்

மதீனாவில் ஒருவர் மௌத்தானார். ஜனாஸாத் தொழுகைக்காக நாயகம் (ஸல்) முன்னால் கொண்டு வரப்பட்டார். அவருக்குக் கடன் உண்டா என்று விசாரித்தபோது, இரண்டு தீனார் இருப்பது தெரிந்தது. பெருமானார் (ஸல்) தொழ வைக்காமல் விலகினார்கள். அபூ கதாதா (ரலி) அந்த இரண்டு தீனாரைத் தாம் ஏற்பதாகச் சொன்ன பின்னரே தொழ வைத்தார்கள். மறுநாள் அபூ கதாதாவைக் கண்டதும் அந்தக் கடனைப் பற்றியே விசாரித்தார்கள். அது அடைக்கப்பட்டதென்று தெரிந்த பின்புதான், அந்த மையித்தின் மேனி குளிர்ந்தது என்று ஆறுதல் கொண்டார்கள். பிற்காலத்தில் வெற்றிகள் கிடைத்தபோது, கடனோடு இறப்பவரின் பொறுப்பை நாயகம் (ஸல்) தாமே ஏற்றுக்கொண்டார்கள். இவற்றையும் ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். தந்தையின் கடனைச் சுமந்தவருக்கு அந்த இரண்டு தீனாரின் கனம் புரிந்திருக்காதா?

பஹ்ரைனிலிருந்து பொருள் வந்தால் இவ்வளவு தருவதாக நாயகம் (ஸல்) கைகளால் அள்ளிக் காட்டி ஜாபிர் (ரலி) அவர்களுக்கு வாக்களித்திருந்தார்கள். பொருள் வருமுன் ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) வபாத்தாகிவிட்டார்கள். பொருள் வந்தபோது கலீபா அபூ பக்ர் (ரலி), நாயகத்திடம் கடனோ வாக்குறுதியோ உள்ளவர்கள் வரலாம் என்று அறிவிப்புச் செய்தார்கள். ஜாபிர் (ரலி) வந்து சொல்ல, ஒரு முறை அள்ளிக் கொடுத்து எண்ணச் சொன்னார்கள். 500 இருந்தது. அதைப்போல் இன்னும் இரு மடங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாக்குறுதியும் கடனைப் போலவே மதிக்கப்பட்ட காலம் அது.

முதிய பருவத்தில் கண்பார்வை இழந்து, ஹிஜ்ரி 78 (கி.பி. 697) வாக்கில், ஏறத்தாழ 94 வயதில், மதீனாவில் ஜாபிர் (ரலி) மறைந்தார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, தாம் நேரில் கேட்டிராத ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாமில் இருந்த அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள். அந்த ஹதீஸ் எதைப் பற்றியது தெரியுமா? ஓர் அடி அளவு அநியாயமானாலும், மனிதர்களின் உரிமை தீர்க்கப்படாதவரை கியாமத்தில் எவரும் சுவர்க்கம் புக முடியாது. அங்கே காசு இராது, நன்மை தீமைகளைக் கொண்டே கணக்குத் தீர்க்கப்படும் என்பது அதன் சாரம். பேரீத்தம் பழத்தை அளந்து கொடுத்துக் கடன் தீர்த்தவர், அளந்து கொடுக்க எதுவுமே இல்லாத நாளைப் பற்றி அறிய ஒரு மாதம் நடந்தார்கள்!

நாம் செய்ய வேண்டியவை

கடனை எழுதி வையுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282ஆம் வசனம் இதைத்தான் ஏவுகிறது. அதை வீட்டாருக்குத் தெரியப்படுத்துங்கள். வருமானம் கைக்கு வந்த அன்றே அதைக் குவியல்களாகப் பிரித்து, கடனுக்குரியதைத் தனியே வைத்து, எஞ்சியதில் உணவு, உடை, மருந்து, பிள்ளைகளின் படிப்பு என வரிசைப்படுத்துங்கள். மனைவி மக்களைப் பட்டினி போட்டுக் கடன் தீர்க்க மார்க்கம் சொல்லவில்லை. அவர்களுக்குத் தேவையானதைக் கொடுப்பதும் வாஜிபுதான். ஆனால் ஆடம்பர விருந்துக்கும் ஊர் மெச்சும் சீருக்கும் கடன்காரரின் பணத்தை எடுக்கக் கூடாது. கடன் போக மிஞ்சும் பொருள் இருந்தால்தான் ஹஜ்ஜே கடமையாகிறது எனும்போது, மற்றச் செலவுகளுக்கு என்ன இடம்? ஒரு கடனை அடைக்க வட்டிக்கு மற்றொரு கடன் வாங்காதீர்கள். கொடுக்க முடியாத மாதத்தில் அவர் தேடி வருமுன் நீங்களே சென்று சொல்லுங்கள். கடன் கொடுத்தவர்களோ, கஷ்டப்படுபவருக்கு அவகாசம் அளிக்கும்படி அல்லாஹ் ஏவியிருப்பதை மறக்க வேண்டாம். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் அடங்குவர் என்பதை மஹல்லாவின் செல்வந்தர்கள் நினைவில் கொள்ளட்டும்.

நாமும் ஒருநாள் அந்த மளிகைக் கடைக்கு நேராகச் சென்றோம். கணக்கை எழுதி வாங்கி, மாதாமாதம் ஒரு சிறு தொகை என்று பேசிக்கொண்டோம். அவர் கோபிக்கவில்லை, தேநீர் வரவழைத்தார். தீர்ந்து முடிய ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆனால் மறுநாள் சுபுஹுக்கே அந்தத் தெரு வழியாகப் பள்ளிவாசலுக்குப் போக முடிந்தது.

வல்ல ரஹ்மான் நம் அனைவரின் கடன்களையும் ஹலாலான வழியில் தீர்த்து வைப்பானாக! மனிதர்களின் உரிமை எதுவும் நம் கழுத்தில் இல்லாத நிலையில் நம்மைத் தன்னிடம் அழைத்துக் கொள்வானாக! ஆமீன்.